தனியார் பவுண்டேஷன் நிதி: ப்ரொபோசலுக்கு முன்னால் பட்ஜெட்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. விழுப்புரம் மாவட்டத்தில் எட்டு கிராமங்களில் மாலை நேரப் படிப்பகம் நடத்தும் டிரஸ்ட் உங்களுடையது. ஆறு வருடமாக ஊர்க்காரர்களின் நன்கொடையிலும் டிரஸ்டிகளின் கைக்காசிலும் ஓடுகிறது. பெரிய பவுண்டேஷன்கள், கம்பெனிகள் என்று பல இடங்களுக்கு ஒரே ப்ரொபோசலை மெயிலில் அனுப்பியும் பதில் இல்லை. எப்படி விண்ணப்பிப்பது, சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் நேரடியாகப் பணம் அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

பதில் வரவில்லை என்பதை வைத்து உங்கள் வேலையின் தரத்தை எடைபோட வேண்டாம். நான் சில வருடம் ஒரு சிறிய டிரஸ்ட்டுக்கு ப்ரொபோசல் எழுதியிருக்கிறேன். அப்புறம் நிதி தரும் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை வாசித்தும் இருக்கிறேன். வாசிக்கிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்து பட்ஜெட்டைத்தான். அங்கே கணக்கு நிஜமாக இருக்கிறது என்று பட்டால் முன்பக்கத்துக்குத் திரும்புவார்கள். அதனால் இந்தப் பதிலிலும் பட்ஜெட்டுக்கே அதிக இடம் தரப் போகிறேன்.

அதற்கு முன் காகிதங்கள். பான், டிரஸ்ட் டீட், 12ஏ (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு), தொண்டு அமைப்புகள் பதியும் நிதி ஆயோக் தளமான தர்பணின் எண், மூன்று வருட ஆடிட் அறிக்கை, டிரஸ்ட்களுக்கான வருமான வரிப் படிவமான ஐ.டி.ஆர்.-7 தாக்கல் செய்த சான்று. கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம் (சி.எஸ்.ஆர்.) வேண்டுமென்றால் கம்பெனி விவகாரத் துறையில் சி.எஸ்.ஆர்.-1 பதிவும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். இவற்றை ஒரே பி.டி.எப். கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட அன்றே அனுப்பும் டிரஸ்ட்டை நிதி தருபவர்கள் மறப்பதில்லை.

12ஏ, 80ஜி சான்றிதழ்களின் காலாவதித் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் போதும். 2021க்குப் பிறகு அப்படி இல்லை. பழைய டிரஸ்ட்கள் மறுபடி பதிய வேண்டியிருந்தது. புதியவற்றுக்கு முதலில் 3 வருடத் தற்காலிகப் பதிவு, அதன் பிறகுதான் முழுப் பதிவு. தற்காலிகப் பதிவு முடிவதற்குக் குறைந்தது 6 மாதம் முன்பே அடுத்த விண்ணப்பம் போயிருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, ஆனாலும் பேச்சில் எல்லாரும் 12ஏ, 80ஜி என்றேதான் சொல்கிறார்கள். இதில் நிதி தருபவர் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல பவுண்டேஷன்களும் சட்டப்படி உங்களைப் போல ஒரு டிரஸ்ட்தான். வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுக்கும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, பதிவுள்ள இன்னொரு டிரஸ்ட்டுக்குக் கொடுத்தால்கூட கொடுத்த தொகையில் 85 சதவீதம்தான் அவர்கள் கணக்கில் செலவாக ஏறும். உங்கள் பதிவு காலாவதியாகியிருந்தால் அதுவும் ஏறாது. எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் அவர்களுடைய ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

டிரஸ்டிகள் பட்டியலையும் ஒருமுறை வெளியாள் கண்ணோடு பாருங்கள். கணவன், மனைவி, மகன் என்று ஒரே குடும்பமாக இருந்தால் நிதி தருபவர் தயங்குவார். ஊர்ப் பள்ளியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பிள்ளைகளின் தாய்மார்களில் ஒருவர், கணக்கு தெரிந்த ஒருவர் என்று வெளியே இருந்து ஆட்களைச் சேர்ப்பது நிர்வாகத்துக்கே நல்லது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். செலவை முடிந்தவரை வங்கி வழியாகவே செய்யுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் அறச்செலவாக ஏறாது.

சரி, யாரிடம் கேட்பது? பெயரில் பவுண்டேஷன் என்று இருப்பதெல்லாம் பணம் தரும் இடம் ஆகாது. டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி சார்ந்த சீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் 1996 முதல் கிராமங்களில் தன் ஆட்களை வைத்தே வேலை செய்கிறது. முருகப்பா குழுமத்தின் ஏ.எம்.எம். பவுண்டேஷன் பள்ளிகளையும் மருத்துவமனையையும் தானே நடத்துகிறது. தமிழ்நாட்டுத் தொழில் குடும்பங்களின் அறக்கட்டளைகளில் இந்த வகை அதிகம். இவர்களிடம் கூட்டாக வேலை செய்வது பற்றிப் பேசலாம், நிதி கேட்டு எழுதினால் பதில் வருவது அபூர்வம். டாடா டிரஸ்ட்களில் மூத்தவையான சர் ரத்தன் டாடா டிரஸ்ட் (1919), சர் தோரப்ஜி டாடா டிரஸ்ட் (1932) போன்றவை பிற அமைப்புகளுக்கு நிதி தரும் நீண்ட மரபு கொண்டவை. அசிம் பிரேம்ஜி பவுண்டேஷன் இரண்டையும் செய்கிறது: பள்ளிக் கல்வியில் தானே களத்தில் இருக்கிறது, மற்ற அமைப்புகளுக்கும் நிதி தருகிறது. எச்.சி.எல். பவுண்டேஷன் மாதிரி சில இடங்கள் அறிவிப்பு வெளியிட்டுப் பகிரங்கமாக விண்ணப்பம் வாங்குகின்றன. இப்படிப் பகிரங்கமாகக் கேட்பவர்கள் குறைவு. பல பவுண்டேஷன்கள் தாங்களே தேடித்தான் அமைப்புகளைக் கண்டுபிடிக்கின்றன. அழைக்காமல் வரும் ப்ரொபோசலை வாங்குவதில்லை என்று இணையதளத்திலேயே எழுதியிருந்தால் அதை அப்படியே நம்புங்கள்.

கம்பெனிகளின் கதை வேறு. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135ன்படி 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டமே தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. உங்களுக்கு இது பெரிய பிடிமானம். மும்பையில் தலைமையகம் வைத்திருக்கும் வங்கிக்கு எழுதுவதை விட, கடலூர் சிப்காட்டிலும் செய்யாறு சிப்காட்டிலும் ஆலை வைத்திருப்பவர்களின் பட்டியலை எடுங்கள். போர்டு ஒப்புதல் தந்த சி.எஸ்.ஆர். திட்டங்களைக் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. மத்திய அரசின் சி.எஸ்.ஆர். தளத்திலும் எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவிட்டது என்று பார்க்கலாம். ஒரு சாயங்காலம் செலவழித்தால், கல்விக்குப் பணம் தரும் இடங்கள், ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மட்டும் தரும் இடங்கள் என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாம். இப்படிச் சலித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஐந்தாறு பெயர்கள்தான். அவர்களுக்கு மட்டும் எழுதுங்கள்.

அந்த ஐந்தாறு பேரிடம் ஏற்கெனவே நிதி வாங்கும் அமைப்பு பக்கத்து மாவட்டத்தில் இருந்தால், முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேசுங்கள். அவர்களுடைய மையத்தில் ஒரு மாலை உட்காருங்கள், உங்கள் மையத்துக்கும் கூப்பிடுங்கள். நிதி தருபவர் புது அமைப்பைத் தேடும்போது தன்னிடம் ஏற்கெனவே நிதி வாங்கும் அமைப்பைத்தான் முதலில் விசாரிப்பார். அப்போது உங்கள் பெயரைச் சொல்ல ஒரு வாய் இருக்க வேண்டும்.

இனி பட்ஜெட். உங்கள் எட்டு மையத்தையே எடுத்துக்கொள்வோம், மையத்துக்கு 30 பிள்ளைகள், மொத்தம் 240 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மையத்துக்கு ஓர் ஆசிரியர், மாதம் 6,000 ரூபாய் மதிப்பூதியம், 10 மாதம்: 4,80,000. ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மாதம் 18,000 வீதம் 12 மாதம்: 2,16,000. அவருடைய பெட்ரோல் மாதம் 2,500 வீதம் 30,000. பிள்ளைக்கு 500 ரூபாய் வீதம் புத்தகம், நோட்டு, பயிற்சித் தாள்: 1,20,000. ஆசிரியர் பயிற்சி நாட்கள்: 40,000. இதுவரை 8,86,000. வழக்கமாகச் சிறிய டிரஸ்ட்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளம், ஆடிட் கட்டணம், ஆபீஸ் வாடகை எதுவும் அதில் இருக்காது. கேட்டால் "நாங்கள் ஒரு பைசாகூட நிர்வாகத்துக்குச் செலவழிப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். வாசிப்பவருக்குத் தெரியும், யாரோ கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும். அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? டிரஸ்டியின் மனைவி சம்பளமில்லாமல் எழுதுகிறார் என்றால், அவருக்கு உடம்பு முடியாமல் போகும் வருடத்தில், வாங்கிய நிதியைச் சொன்னபடி செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை யார் தயாரிப்பார்? அதை விட மோசம், அந்தச் செலவைப் பயிற்சி என்ற தலைப்பில் ஒளித்து வைப்பது. களத்துக்கு வருபவர் பயிற்சி வவுச்சரைக் கேட்கும் நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும். பகுதி நேரக் கணக்காளர் மாதம் 6,000 வீதம் 72,000, ஆடிட் 25,000, வாடகையில் இந்தத் திட்டத்தின் பங்கு 24,000 என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். கூடுதல் 1,21,000. மொத்தம் 10,07,000. நிர்வாகப் பங்கு 12 சதவீதம். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குச் சுமார் 4,200 ரூபாய். இந்தக் கடைசி எண்ணை நீங்களே கணக்கிட்டுச் சொல்லிவிடுங்கள், எப்படியும் அவர்கள் கால்குலேட்டரில் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

சி.எஸ்.ஆர். ஆட்களிடம் பேசும்போது "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சட்டம்" என்று சிலர் சொல்வார்கள். விதியில் இருக்கும் அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கானது. திட்டத்தை நடத்தும் உங்கள் டிரஸ்ட்டின் கணக்காளர் சம்பளத்துக்கு அது வரம்பு போடவில்லை. கம்பெனி தன் கொள்கையாகக் குறைவாகத் தரலாம், அது அவர்கள் உரிமை. சட்டம் என்று சொன்னால் மட்டும் பணிவாக விளக்கிச் சொல்லுங்கள். மையம் நடத்தும் ஆசிரியைக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் போய்ச் சேர வேண்டும், அந்தப் பட்டுவாடாவைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எல்லாச் செலவையும் ஒருவரிடமே கேட்காதீர்கள். இப்போது வருடத்துக்கு மொத்தம் 6 லட்சத்தில் ஓடும் டிரஸ்ட் முதல் தடவையே 50 லட்சம் கேட்டால், கையாள முடியாது என்றுதான் நினைப்பார்கள். 10 லட்சத்தில் 3 லட்சம் ஊர் நன்கொடை, மீதிக்கு உங்களிடம் வருகிறோம் என்று சொல்லும் பட்ஜெட்டுக்கு மதிப்பு அதிகம். ஊரே பணம் போடுகிறது என்பதை விட வலுவான சிபாரிசு உங்களுக்குக் கிடைக்காது. ஆறு வருட ரசீதுப் புத்தகங்கள் உங்களிடம் இருக்கின்றன. எத்தனை வீடுகள் தந்தன, சராசரி எவ்வளவு என்று எடுத்து எழுதுங்கள்.

இதற்குப் பிறகு எழுத்து. முதலில் போக வேண்டியது இரண்டு பக்கக் கான்செப்ட் நோட், அதாவது திட்டச் சுருக்கம்; இருபது பக்க ப்ரொபோசலை அவர்கள் கேட்கும்போது கொடுத்தால் போதும். உங்கள் பழைய நோட்டில் "கிராமப்புற ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றுவதே எங்கள் லட்சியம்" என்று தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அநேகமாக எல்லாருமே அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதற்குப் பதிலாக இப்படி ஒரு வரி வந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "ஜூனில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 62 பேரைச் சோதித்தோம். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பத்தியைத் தடுமாறாமல் வாசித்தவர்கள் 17 பேர். மார்ச்சில் அதே 62 பேரில் 41 பேர் வாசித்தார்கள். மீதி 21 பேரில் பெரும்பாலோர் அறுவடை, கரும்பு வெட்டுக்குப் பெற்றோருடன் போய் வந்தவர்கள்." எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் எண்களைப் போடுங்கள். சோதிக்க என்ன செய்வது என்றால், பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் கணக்கெடுப்பின் வாசிப்புத் தாள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். கல்விக்கு நிதி தருபவர்கள் பலருக்கும் பழக்கமான அளவுகோல் அது. முடியாமல் போன 21 பேரையும் எழுதுங்கள். நோட்டை வாசிப்பவர் கேட்க நினைக்கும் அடுத்த கேள்வி அங்கேதான் இருக்கிறது, உங்கள் திட்டத்தின் அடுத்த வருட வேலையும் அங்கேதான் இருக்கிறது.

கண்டிப்பாக வரப்போகும் ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள். தமிழ்நாடு அரசு 2021ல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி ஊர் ஊராக மாலை வகுப்பு நடத்தியது. தன்னார்வலருக்கு மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். எண்ணும் எழுத்தும் திட்டமும் இருக்கிறது. அப்படியிருக்க நீங்கள் எதற்கு, உங்கள் ஆசிரியருக்கு 6,000 எதற்கு? இதற்கு அரசைக் குறை சொல்லிப் பதில் எழுத வேண்டாம். உங்கள் ஆசிரியை தினம் எத்தனை மணி நேரம் நிற்கிறார், மாதம் எத்தனை வீட்டுக்குப் போகிறார், எத்தனை வருடமாக அதே மையத்தில் இருக்கிறார் என்று எழுதுங்கள். அரசுத் திட்டத்தில் வேலை செய்த தன்னார்வலரே இப்போது உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். பள்ளித் தலைமையாசிரியர் தரும் ஒரு கடிதம் இந்த இடத்தில் ரொம்ப உதவும்.

இங்கிலீஷில் எழுத வேண்டுமே என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் தமிழிலேயே, மைய ஆசிரியர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். விஷயம் முழுக்கத் தமிழில் வந்த பிறகு, இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எளிய வாக்கியங்களில் மாற்றச் சொல்லுங்கள். நேராக இங்கிலீஷில் தொடங்கினால் யாருடைய ப்ரொபோசலிலோ படித்த வாசகங்கள்தான் கைக்கு வரும். உங்கள் ஊர் அதில் இருக்காது.

நோட் பிடித்துப்போனால் ஒரு நாள் யாராவது களத்துக்கு வருவார்கள். அன்றைக்குப் பேனர், மாலை, பொன்னாடை, கலைநிகழ்ச்சி எதுவும் வேண்டாம். வழக்கமான வகுப்பு நடக்கட்டும். வருகைப் பதிவேட்டை அவர்களே புரட்டிப் பார்க்கட்டும். பொங்கல் வாரத்தில் வருகை பாதியாகக் குறைந்திருந்தால் அது அப்படியே இருக்கட்டும். எல்லா நாளும் 30 பேர் என்று இருக்கும் பதிவேட்டை யாரும் நம்ப மாட்டார்கள். ஆசிரியர்களைத் தனியாகப் பேச விடுங்கள்.

ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன் தவணை விவரத்தைப் படியுங்கள். ஏப்ரலில் திட்டம் தொடங்கும் என்று இருக்கும், முதல் தவணை ஜூலையில் வரும். இரண்டாவது தவணை, ஆடிட்டர் சான்றளித்த செலவுக் கணக்கு போன பிறகுதான். இடையில் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைத் தாங்கும் இருப்பு இல்லாமல் புது ஆட்களை எடுக்காதீர்கள். ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு தலைப்புக்கு மாற்றலாமா, எழுத்தில் அனுமதி வேண்டுமா, மார்ச் 31ல் மிஞ்சிய தொகையைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது பிசகினால், அறிக்கை தேதி வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆர். நிதி வாங்கித் தருகிறேன், 15 அல்லது 20 சதவீதம் கமிஷன் என்று வருபவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது, "உங்கள் கணக்கில் ஒரு கோடி போடுகிறோம், பெரும் பங்கை ரொக்கமாகத் திருப்பித் தாருங்கள்" என்பது. அது கறுப்புப் பணத்தை வெளுக்கும் வேலை. வழக்கு வந்தால் மாட்டுவது டிரஸ்டிகள், மூடப்படுவது மையங்கள். ப்ரொபோசல் எழுதித் தருபவருக்கு நியாயமான கூலி கொடுங்கள், அது தவறில்லை. வரும் நிதியில் பங்கு என்று பேச்செடுத்தால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக வெளிநாட்டுப் பணம். அமெரிக்கத் தனியார் பவுண்டேஷன்கள் வருடந்தோறும் தம் சொத்து மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதம் வழங்கியாக வேண்டும் என்று அந்நாட்டு வரிச் சட்டம் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது 990-பி.எப். படிவத்தில் பொதுவிலேயே கிடைக்கும். ஆனால் எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதில் ஒரு ரூபாய்கூட நீங்கள் வாங்க முடியாது. பதிவுக்குக் குறைந்தது மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டுகளில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தால் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய கணக்கு, ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில்தான். எப்.சி.ஆர்.ஏ. வைத்திருக்கும் பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரட்டுமே என்றால், 2020 திருத்தம் அதையும் தடை செய்துவிட்டது. உங்கள் இப்போதைய அளவில், இரண்டு மூன்று வருடம் உள்நாட்டு நிதியில் வளர்ந்துவிட்டு அந்தப் பக்கம் போவதே நல்லது என்பது என் கருத்து.

சிங்கப்பூர் நண்பர் விஷயத்தில் பார்க்க வேண்டியது அவருடைய பாஸ்போர்ட். அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், சொந்தச் சம்பாத்தியத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகலையும், என் சொந்தப் பணம் என்று அவர் எழுதித் தரும் கடிதத்தையும் ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். அங்குள்ள சங்கம் வசூல் செய்து மொத்தமாக அனுப்பினாலும், உறுப்பினர்கள் யாராக இருந்தாலும், அதே விதிதான். அப்படியானால் அவரிடம் பணத்துக்குப் பதிலாக, நீங்கள் தமிழில் எழுதி முடித்த கான்செப்ட் நோட்டை இங்கிலீஷில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.